மூச்சுப்பெட்டி தம்பிராஜா

"உனக்கு இங்கிலீஷிலே பெரிய எழுத்து வருமா?"

தம்பிராஜா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. வரும் என்றேன்.

"சின்ன எழுத்து?"

அதுவும் வரும் என்றேன்.

"சின்னது கிடக்கட்டும். அதை யாரு படிக்கப் போறா?"

பிறகு எந்தப் பள்ளி என்று கேட்டார். கான்வென்டில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்ததைச் சொன்னேன். தமிழ் எதுவரை என்றார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, அதற்குமேல் வீட்டில் படித்தது என்றேன்.

"அப்போ ரெண்டு பாஷையிலே பேசலாம். ஒண்ணுலேகூடப் பேச்சைக் காணோமே?"

உள்ளேயிருந்து அவர் மனைவி பொன்னம்மாதான் பதில் சொன்னார். "பேசுறதுக்கு நீங்க ஒருத்தர் போதாதா? அது எழுத வந்த பிள்ளை."

அது காதில் விழாதவர்போல, அலமாரியிலிருந்து பழைய செய்தித்தாள் சுற்றிய ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தார். கடலில் மூழ்குகிறவர்கள் மூச்சுவிடப் பயன்படும் ரெகுலேட்டர் பெட்டியோடு, அதைச் செய்த கம்பெனி அனுப்பிய ஆங்கிலக் கையேடு. படம் போட்ட பக்கத்தைத் திறந்து, கீழே என்ன எழுதியிருக்கிறது என்றார். உள்ளே எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது என்று படித்துச் சொன்னேன்.

"தெரியும். எண்ணெயும் அழுத்தின காத்தும் சேர்ந்தா பத்திக்கும். சிங்கப்பூர்லே என் கண்ணாலே பார்த்திருக்கேன். அடுத்தது?"

கடலிலிருந்து வந்தவுடன், உப்பு காய்வதற்கு முன், நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

"அவன் சொல்றதுக்கு முந்தியே நான் செய்யறேன். அடுத்தது?"

சோதித்து முடித்த பெட்டியின்மேல் பிறகு எந்தப் பொருள் பட்டாலும், மூழ்குகிறவர் கையில் கொடுப்பதற்கு முன் மறுபடி சோதிக்க வேண்டும்.

இதற்கு அவர் கொஞ்சம் சிரித்தார். "அது அவன் ஊருக்கு. அங்கே குளிர்லே கை விறைச்சுப் போயிருக்கும். ஒழுங்கா மூடமாட்டான். நம்ம கைக்கு அது வேண்டியதில்லே."

புத்தகத்தை மூடிவிட்டார். கயிறு கோத்த தடித்த அட்டைச் சீட்டு ஒன்றை என் முன்னால் வைத்தார். பழுது பார்த்த ஒவ்வொரு ரெகுலேட்டரிலும் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு ஒன்று தொங்க வேண்டும் என்று, வேலை கொடுக்கிற சீன முதலாளி, தவுக்கே, சொல்லிவிட்டாராம். என்ன தேதி, எந்தப் பாகம் மாற்றியது, யார் சோதித்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். யார் என்ற இடத்தில் 'சி. தம்பிராஜா, சீஃப் இஞ்சினியர்' என்று போடச் சொன்னார்.

வேறு இஞ்சினியர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"நான் ஒருத்தன்தான். அதனாலேதான் சீஃப்."

எழுதினேன். சீட்டைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இன்னும் பெரிசா. தவுக்கே கண்ணாடி போட மறந்தாலும் என் பேரு தெரியணும்."

இப்படித்தான் 1959 ஏப்ரலில் மலாக்காவில் காஜா பெராங் சாலையில் அவருடைய பட்டறையில் மத்தியான நேரத்து எழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். அவரைப் பற்றி எனக்கு முதல் நாளே உண்டான அபிப்பிராயத்தைப் பிறகு வந்த ஏழு மாதங்களில் ஒரு தடவைகூட மாற்றிக்கொள்ள வேண்டி வரவில்லை. கடைசியில் ஒரு தடவை கொஞ்சம் அசைந்தது. அதையும் எழுதத்தான் போகிறேன்.

ரெகுலேட்டர் என்றால் எல்லாருக்கும் மின்விசிறியின் குமிழ்தான் நினைவுக்கு வரும். இது வேறு. கடலில் மூழ்கி வேலை செய்கிறவர் முதுகில் காற்று அடைத்த இரும்புப் புட்டியைக் கட்டிக்கொள்வார். அதற்குள் காற்று பயங்கரமான அழுத்தத்தில் இருக்கும். அதை அப்படியே வாயில் விட்டால் நெஞ்சு வெடித்துவிடும். ஆகவே புட்டியின் தலையில், பிடரிக்குப் பின்னால், சின்னச் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பித்தளைப் பெட்டியைப் பூட்டுவார்கள். ஆள் மூச்சு இழுக்கும்போது மட்டும், வேண்டிய அளவு மட்டும், அது காற்றைக் கொடுக்கும். பெட்டியிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் இரண்டு தோள்வழியாக வாய்க்கு வரும். ஒன்று உள்ளே இழுக்க, மற்றது வெளியே விட. வெளியே விடும் குழாய் மறுபடி பெட்டிக்கே போய், வாத்தின் அலகுபோல இருக்கும் ஒரு ரப்பர் வழியாக மூச்சைக் கடலில் விடும். அந்த ரப்பரின் இரண்டு உதடுகளும் மூச்சு போகும்போது விலகி, போனவுடன் ஒட்டிக்கொள்ள வேண்டும். காற்று போகலாம், தண்ணீர் வரக்கூடாது. அவ்வளவுதான் அதன் வேலை. அந்த உதடு ஒட்டாமல் போனால், எட்டாள் ஆழத்தில் மூச்சு இழுக்கிறவர் வாய்க்குக் காற்றுக்குப் பதிலாகக் கடல் வரும்.

தம்பிராஜா இதை மூச்சுப்பெட்டி என்றார். ஊர் அந்தப் பெயரை அவருக்கே வைத்துவிட்டது. அவருக்கு அதில் சந்தோஷந்தான்.

அவருடைய வரலாற்றை அவர் வாயால் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு வருஷம் கூடும். பொன்னம்மா சொன்னது சுருக்கமாக இருந்தது. ஜாசின் பக்கத்தில் ரப்பர் மரம் வளர்க்கும் ஒரு கித்தா தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் டவுனுக்கு வந்து, ஒரு சீனர் கடையில் மண்ணெண்ணெய் அடுப்பும் காற்று அடிக்கும் விளக்கும் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டார். ஜப்பான் சண்டை முடிந்தபின் சிங்கப்பூரில் கப்பற்படைக் கிடங்கில் பதினொரு மாதம் வேலை. என்ன வேலை என்றால், மூழ்குகிறவர்கள் கழற்றிப் போட்ட சாமான்களைத் தொட்டியில் போட்டுக் கழுவுவது. கழுவும்போது பக்கத்தில் பழுதுபார்ப்பவர்கள் கழற்றுவதையும் பூட்டுவதையும் பார்த்திருக்கிறார். அந்தப் பதினொரு மாதம் நான் சேர்ந்தபோது ஆறு வருஷமாக இருந்தது. நான் விலகும்போது ஏழு.

அங்கிருந்து ஒரு காக்கி மேலங்கி கொண்டுவந்திருந்தார். சட்டைப்பைக்கு மேலே சிவப்பு நூலில் ஏதோ தைத்திருந்தது. அது இஞ்சினியர்களுக்கு மட்டும் போடுகிற முத்திரை என்று கடைக்கு வருகிறவர்களிடம் தட்டிக் காட்டுவார். அது யாரோ ஹாலிஸ் என்ற வெள்ளைக்காரரின் பெயர். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் தட்டிக் காட்டும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்க முடியாது.

மெர்டேக்கா, சுதந்திரம், வந்த மாதம் ஊரில் எல்லாரும் கடைக்கு வெள்ளையடித்தார்கள். இவர் புதுப் பெயர்ப்பலகை போட்டார். 'சுதந்திர மலாயாவின் முதல் கடலடி இஞ்சினியர்' என்று தமிழில். வெள்ளைக்காரன் போய்விட்டான், இனி எல்லாவற்றையும் நாமே செய்வோம் என்று கோப்பிக் கடையில் பேசுவார். அதே வாயால், அதே கோப்பி ஆறுவதற்குள், "சிங்கப்பூர்லே எங்க துரை இப்படியா விடுவாரு?" என்பார். வெள்ளைக்காரன் போகவும் வேண்டும், துரை இருக்கவும் வேண்டும்.

வேலை வந்த வழி இது. பூலாவ் பெசார் தீவுக்கு அப்பால் சண்டைக் காலத்தில் மூழ்கிய ஒரு சரக்குக் கப்பலிலிருந்து பித்தளையும் செம்பும் வெட்டி எடுக்க, பண்டார் ஹிலிர் பக்கம் இருந்த ஒரு தவுக்கே அனுமதி வாங்கியிருந்தார். நான்கு பேர் மூழ்கினார்கள். நான்கு மூச்சுப்பெட்டிகள். ஒவ்வொரு முறையும் சிங்கப்பூருக்கு அனுப்பி வாங்க நாளாகிறது என்று, மலாக்காவில் யார் செய்வார்கள் என்று விசாரித்தார். விசாரித்த இடம் கோப்பிக் கடை. ஆகவே தம்பிராஜா.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். அவர் கைக்கு வேலை தெரியும். பெட்டி வந்து சேர்ந்தால் சாப்பாட்டில் பாதியில் இருந்தாலும் எழுந்து, கிணற்றுத் தண்ணீர் நிறைத்த மூன்று தொட்டிகளில் ஒன்று மாற்றி ஒன்றில் கழுவுவார். உப்பு காய்ந்தால் பித்தளைக்குள் பச்சையாகக் களிம்பு பூக்கும், அது நுண்ணிய வலையை அடைக்கும், ரப்பரைத் தின்னும். களிம்புக்குப் புத்தகம் வினிகர் என்றது. இவர் புளித்தண்ணீர் என்றார். நான் மனத்துக்குள் சிரித்தேன். புளித்தண்ணீர்தான் நன்றாக எடுத்தது. ரப்பர் ஒட்டாமல் இருக்க மாவு தூவ வேண்டும் என்ற இடத்தில் பொன்னம்மாவின் முகப்பவுடரைத் தூவினார். மூழ்கி வருகிறவர்கள் கல்யாண வீட்டு வாசத்தோடு வந்தார்கள். காற்றுக் கசிவை மட்டும் தெருச் சத்தத்துக்கு நடுவிலும் காதால் பிடித்துவிடுவார். வாய் அசையாமல் இருக்கும் ஒரே நேரம் அது.

கடைசிச் சோதனைதான் அவருடைய நாடகம். காற்று நுழையும் துளையை மூடியால் அடைத்துவிட்டு, இரண்டு குழாயும் வந்து சேரும் ரப்பர்க் கடிவாயைப் பல்லில் கடித்து உறிஞ்ச வேண்டும். ஒன்றும் வரக்கூடாது. காற்று வந்தால் எங்கோ ஓட்டை, கடலில் அதே வழியாகத் தண்ணீர் வரும். இவர் இதைக் கடை வாசலில் சாலையைப் பார்த்து நின்றுதான் செய்வார். கன்னம் குழிந்து, கண் பிதுங்கி, பத்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிக் காட்டுவார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். பிறகு கடிவாயை வெந்நீரில் கழுவி, "எழுது, டெஸ்டட்" என்பார். நான் எழுதுவேன், பெரிய எழுத்தில்.

அந்த நான்கு பேரில் ஒருவன் பிச்சை. எங்கள் சாலையிலேயே, பழைய தமிழ்ச் செட்டிக் குடும்பங்களின் குடியிருப்பான கம்போங் செட்டியில் இருந்தவன். என்னைவிட ஒரு வயது கூட. அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும் மட்டும் தமிழில் வரும். தகப்பன் இல்லை. தாய் மீனாச்சி, மலாய்ப் பெண்கள்போலக் கெபாயா உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். பிச்சை பெட்டியை எடுக்க வரும்போதெல்லாம் தம்பிராஜா அவனைத் தமிழில் ஏதாவது கேட்பார். அவன் மலாயில் பதில் சொல்வான். உடனே அவர் என் பக்கம் திரும்புவார்.

"பாரு பாக்கியம், திருநீறு இருக்கு, பேரு இருக்கு, நாக்கை மட்டும் எங்கேயோ விட்டுட்டு வந்துட்டான்."

பிச்சை சிரிப்பான். "தாப்பா, மாமா" என்பான். பரவாயில்லை என்று அர்த்தம். மாமாவுக்கு இரண்டு நாக்கு இருக்கிறதே, ஒன்று தரலாமே என்று ஒருநாள் மலாயில் திருப்பிக் கேட்டான். பொன்னம்மா உள்ளே சிரித்தது வாசல்வரை கேட்டது. தம்பிராஜாவும் சிரித்தார். அவனை அவருக்குப் பிடிக்கும். பிடித்தவர்களைத்தான் அதிகம் குத்துவார்.

ஆயுத பூஜை அந்த வருஷம் அக்டோபரில் வந்தது. பூஜைக்கு மறுநாள் காலையில் படகு போக வேண்டும் என்பதால், இரண்டு பெட்டிகள் பூஜைக்கு முந்தின நாளே சோதித்துச் சீட்டுக் கட்டித் தயாராக இருந்தன. சீட்டில் எல்லாம் என் கையெழுத்து. சோதித்ததையும் நான் பார்த்தேன். ஓட்டை இல்லை.

பூஜையன்று மத்தியானம் போனபோது, நீண்ட வாழையிலையில் ஸ்பானர், சுத்தியல், அரம், அடுப்புப் பம்பு எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் பொட்டு அளவு சந்தனம், அதன்மேல் குங்குமம். நடுவில் இரண்டு மூச்சுப்பெட்டிகளும். பட்டறையிலேயே மதிப்பான ஆயுதம் அதுதானே. அதற்குப் பொட்டு அளவு போதுமா? நான்கு விரலாலும் அள்ளி, பெட்டியின் முன்மூடியில் பட்டையாக இழுத்திருந்தார்.

அந்த மூடியில் வட்டமாக ஓட்டைகள் உண்டு. கடல்நீர் உள்ளே வந்து ரப்பர்த் தகட்டை அழுத்துவதற்காக வேண்டுமென்றே வைத்த ஓட்டைகள். மூடிக்கு நேர் பின்னால்தான் அந்த வாத்து அலகு. சந்தனம் தண்ணீராக இருந்தது. ஓட்டைகளில் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

"அண்ணே, சந்தனம் உள்ளே போகுது" என்றேன். கடைக்குச் சாமி கும்பிட வந்த ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "சாமிக்கு வச்ச சந்தனம் ஆளைக் கொல்லுமா? கான்வென்டிலே இதையெல்லாமா சொல்லித்தர்றாங்க?"

சிரித்தார்கள். நான் சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானந்தான் என் நேரம். ஆனாலும் மனம் கேட்காமல் காலையில் போனேன். பிச்சை ஏற்கெனவே வாசலில் நின்றான். தம்பிராஜா பெட்டியின் வெளிப்புறத்தை ஒரு துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மூடியின் நடுவில் ஒரு பட்டையை மட்டும் பிரசாதமாக விட்டிருந்தார். ஒரு தடவை உறிஞ்சிப் பார்த்துவிடுங்கள், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "பூஜையிலே வச்சதை வாயிலே வச்சு எச்சி பண்ணச் சொல்றியா? கடல்லே இறங்கிற வரைக்கும் அதிலே யாரு வாயும் படக்கூடாது."

கடலில் இறங்கியதும் அது வாயில்தானே போகப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. பிச்சை தன் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டான். அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபின் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. படகு உஜோங் பாசிர் கரையில் நிற்கிறது என்று இரண்டு பெட்டிகளோடும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான்.

இரண்டு மணிக்குச் செய்தி வந்தது. அடியில் கப்பலின் பக்கம் கத்தியோடு போன பிச்சை, மூச்சுக்குப் பதில் தண்ணீரை இழுத்து, மேலே பாய்ந்து வந்திருக்கிறான். மூக்கிலும் வாயிலும் ரத்தம். படகிலேயே இரண்டு தடவை நினைவு தப்பியது. மற்றப் பெட்டியோடு இறங்கியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மூச்சுப்பெட்டியை அன்று மாலையே ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டிலிருந்து எழுந்து கழுவுகிற மனிதர், சாக்கை அவிழ்க்கவில்லை. மூலையில் சாய்த்து வைத்தார். உப்பு காய்ந்தது. மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. தப்பு எங்கே என்று அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அதிலிருந்தே தெரிந்தது.

ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. முதல் நாள் கோப்பிக் கடையில், பிச்சை நாசி லெமாக்கை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்கினான் என்றார். இரண்டாம் நாள், கடிவாயைச் சரியாகக் கடிக்கவில்லை என்றார். பொன்னம்மாவிடம், சந்தனத்தை நைசாக அரைக்கவில்லை என்று வேறு சண்டை. எதற்காக இப்போது சந்தனப் பேச்சு என்று அந்த அம்மாள் கேட்டதும் கோப்பிக் கடைக்குக் கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் சொன்னதை என் காதால் கேட்டேன்: "நான் தமிழ்லே சொல்றது அவனுக்குப் பாதிதான் புரியும். பாதி மூச்சுதான் கிடைச்சது." நான் பார்த்த இத்தனை மாதமும் அவனிடம் வேலை விஷயம் அத்தனையும் மலாயில் பேசியவர் இவர்.

தவுக்கே சீட்டைத்தான் பார்த்தார். டெஸ்டட், சீஃப் இஞ்சினியர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பெட்டி சரியென்றால் ஆள் சரியில்லை. அடியில் போய்ப் பதறுகிறவன் கூட இருக்கிறவர்களையும் கொன்றுவிடுவான், அவன் இனிமேல் படகில் ஏற வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். பிச்சைக்கு வேறு வேலை தெரியாது என்பதல்ல விஷயம். ஊரில் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கிய மூழ்காளியை எந்தத் தவுக்கேயும் கூப்பிடமாட்டான்.

நான்காம் நாள் மத்தியானம் மீனாச்சி கடைக்கு வந்தார். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, நின்றபடியே மலாயில் பேசினார். அழவில்லை. தண்ணீர் வாய்க்குள் வந்தபோது அதில் சந்தன வாசனை அடித்ததாகப் பிள்ளை சொல்கிறானாம். இந்த வருஷம் முன்னோர்களுக்குப் பர்ச்சு என்ற படையல் போட்ட நாளில் அவன் கடலில் இருந்துவிட்டான், வந்து கும்பிடவில்லை. அதற்காகத்தான் பெரியவர்கள் சந்தனத்தைக் காட்டிக் கழுத்தைப் பிடித்தார்கள் என்று நம்புகிறானாம். தப்பு என்மேல்தான், நான் மூச்சுவிட மறந்துவிட்டேன் என்று தவுக்கேயிடமே ஒத்துக்கொண்டானாம். பூஜை விஷயம் தெரிந்தவர் நீங்கள், தனியாக ஒரு படையல் போட்டால் சரியாகுமா என்று தம்பிராஜாவிடம் கேட்டார்.

சந்தன வாசனை என்ற சொல் வந்ததும் அவர் கை அரத்தில் நின்றுவிட்டது. நான் என் மேஜையில் இருந்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று பார்த்தேன்.

"போடுங்க, மீனாச்சி. நல்லதுதான்" என்றார்.

ஏழு மாதங்களில் அவர் செய்ததிலேயே கேவலமானது அதுதான். பூஜையன்று செய்தது கெட்டதுதான், ஆனால் அது அறியாமை. இது தெரிந்து செய்தது. நானும் பேசாமல் இருந்தேன் என்பதையும் இதே வரியில் எழுதிவிடுகிறேன். அந்த அம்மாள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

குடை சாலையில் மறைந்த பிறகுதான் எழுந்தேன். "துளையை அடைச்சு உறிஞ்சிப் பாருங்க அண்ணே" என்றேன்.

அவர் சாக்கை அவிழ்த்தார். வாசலுக்குப் போகவில்லை. பட்டறையின் உட்சுவரைப் பார்த்து நின்று, துளையை அடைத்து, கடிவாயைக் கடித்து உறிஞ்சினார். கன்னம் குழியவில்லை. காற்று தாராளமாக வந்தது, எனக்கே கேட்டது. இன்னொரு தடவை உறிஞ்சினார். பிறகு உட்கார்ந்து முன்மூடியைக் கழற்றினார். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வாத்து அலகின் இரண்டு உதடுகளுக்கும் நடுவில், நெல்மணி அளவுக்கு, மஞ்சளாகக் காய்ந்த ஒரு கட்டி. ஓரத்தில் குங்குமச் சிவப்பு. சுண்டுவிரல் நகத்தால் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து மோந்து பார்த்தார். தண்ணீரிலும் உப்பிலும் கிடந்தும் அதற்கு வாசனை போகவில்லை என்று நினைக்கிறேன்.

சுவரில் இருந்த காக்கி மேலங்கியைப் பார்த்தார், அதில் ஏதோ உதவி இருப்பதுபோல. பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போய் மூன்று தொட்டியிலும் கழுவ ஆரம்பித்தார். முதுகு என் பக்கம் இருந்தது.

"புதுச் சீட்டு எடு" என்றார். "சோதிச்ச பிறகு சந்தனம் வச்சது. மறுபடி சோதிக்கலே. மூழ்கின ஆள் மேலே தப்பில்லே. இங்கிலீஷிலே போடு."

சந்தனம் வைத்தது யார் என்று போட வேண்டும் என்றேன்.

"அதான் பழைய சீட்டிலே பேரு இருக்கே."

அது போதாது என்றேன். அவர் பதில் சொன்ன பிறகும் நான் விட்டுக்கொடுக்காமல் பேசியது அந்த ஒரு தடவைதான். தொட்டியில் தண்ணீர் அலம்பும் சத்தம் நின்றது. இது தவுக்கே கைக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கோப்பிக் கடைக்குத் தெரிய ஒருநாள் ஆகாது.

"சரி. போடு" என்றார்.

அந்தச் சீட்டை மறுநாள் தவுக்கே கண்ணாடி போட்டுக்கொண்டு, கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். பிச்சையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்; நெஞ்சு ஆறியதும் அவன் படகில் ஏறினான். மூச்சுப்பெட்டிகள் மறுபடி சிங்கப்பூருக்குப் போயின. தம்பிராஜா அடுப்புக்கும் விளக்குக்கும் திரும்பினார். பெயர்ப்பலகையை மட்டும் எடுக்கவில்லை. அதன் கீழ் உட்கார்ந்து, அந்தத் தவுக்கேயின் புட்டிகளே சரியில்லை, அதனால் தானே வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மீனாச்சி அந்தக் கடைப்பக்கம் பிறகு வரவில்லை. பிச்சை மட்டும் வந்தான். சைக்கிளை நிறுத்தி, "தாப்பா, மாமா" என்றானாம். பொன்னம்மா சொன்னார்.

இதெல்லாம் பிறகு நான் கேள்விப்பட்டது; கண்ணால் பார்த்தது சீட்டு எழுதிய அந்த மத்தியானத்தை மட்டும். சீட்டை எடுத்து வைத்து, அவர் பெயரை முதலில் எழுதுவதற்குப் பேனாவில் மை தொட்டேன். தம்பிராஜா ஈரக் கையோடு வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தார்.

"பாக்கியம், உனக்குச் சின்ன எழுத்தும் வரும்னு சொன்னியே" என்றார். "இதை அதிலே எழுதிக் கொடும்மா."